அம்மாவின் சொல்லைக் கேட்கும் இயந்திரம்

அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று உறுதியானதும் உறவினர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இனி யார் வீட்டில் இருக்கப் போகிறார்? நான் இருப்பது சென்னையில், அண்ணன் சிங்கப்பூரில். அம்மாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. கும்பகோணத்தில் தெருவே தன்னை அறியும், காய்காரர் வாசலில் நின்று குரல் கொடுப்பார், சமையலறையில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். அடுக்குமாடியில் உட்கார்ந்துகொண்டு யார் முகத்தைப் பார்ப்பது என்று கேட்டார். நியாயமான பேச்சு. அவர் அங்கேயே இருப்பது என்று முடிவானது.

அதன் பிறகு அந்த வீட்டுக்குள் ஒவ்வொன்றாகச் சில இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. நேரத்துக்கு மாத்திரை தரும் பெட்டி, தரையைப் பெருக்கித் துடைக்கும் ரோபோ, அண்ணன் அனுப்பிய சக்கரம் வைத்த திரை ரோபோ, கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்பூன். இவற்றில் எது உதவியது, எது உபத்திரவமானது என்பதை, வயதான பெற்றோரிடமிருந்து தொலைவில் வாழும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவற்றைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். அதனால் பிள்ளைகளின் கவலையைத் தணிக்கும் விதத்தில்தான் இவை விளம்பரப்படுத்தப்படுகின்றன. ஆனால் அந்த வீட்டில் வாழ்கிறவர் நில் என்றால் நிற்குமா, வேண்டாம் என்றால் விலகுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இதில் தேறாத எதுவும், எவ்வளவு கெட்டிக்காரக் கருவியாக இருந்தாலும், எங்கள் வீட்டில் நிலைக்கவில்லை.

மாத்திரைப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். கொடுத்த பணத்துக்கு முழுப் பயன் தந்தது அதுதான். பார்க்கின்சனுக்கு முக்கியமான மருந்து லெவோடோபா. நோய் சில ஆண்டுகள் முற்றிய பிறகு அதன் வேலை சில மணி நேரத்திலேயே வடிந்துவிடும். அடுத்த மாத்திரை அரை மணி தாமதமானால் அம்மாவால் நாற்காலியை விட்டு எழ முடியாது. எழுந்தாலும் கால் நகராது. பருப்பு, தயிர், பால் போன்ற புரத உணவு இந்த மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே அதை விழுங்கிவிடவும் வேண்டும். அம்மாவுக்கு மறதி இல்லை. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கும்போது கை நடுங்கி அது பீரோவுக்கடியில் உருண்டு போகும். குனிந்து தேடினால் தலை சுற்றும். தேடி முடிப்பதற்குள், போன வேளை மாத்திரையை விழுங்கினோமா என்ற சந்தேகம் வேறு வந்துவிடும். அந்தச் சந்தேகத்தில் ஒரே வேளைக்கு இரண்டு முறை விழுங்கியதும் உண்டு.

இப்போது வைத்திருக்கும் பெட்டி சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டமாக இருக்கும். உள்ளே 28 அறைகள். நேரம் வந்ததும் ஓர் அறை பெட்டியின் வாய்க்கு நேராக நகரும், மணி அடிக்கும், விளக்கு மின்னும். பெட்டியைக் கவிழ்த்தால் அந்த வேளை மாத்திரை மட்டும் கிண்ணத்தில் விழும், மணி ஓயும். மற்ற அறைகள் பூட்டியே இருக்கும். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை என்பதால் 28 அறைகள் சரியாக ஒரு வாரத்துக்கு வரும். வாங்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து வேளை என்றால் ஆறாவது நாள் பாதியில் பெட்டி காலியாகிவிடும். எந்தக் கிழமை நிரப்புவது என்ற ஒழுங்கே குலைந்துபோகும்.

நிரப்புவதற்கு முன் மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். அட்டையிலிருந்து பிரித்து வைத்தால் ஈரம் இழுத்துக்கொள்ளும் மாத்திரைகள் உண்டு. ஐப்பசி மழையில் காவிரிக் கரை ஊரின் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெல்லக் கரைந்து வேலை செய்யும் மாத்திரைகளை அறைக்குள் அடங்கவில்லை என்று உடைத்துப் போடவும் கூடாது. அம்மாவின் மாத்திரைகளில் ஒன்றை அட்டையோடேயே வைத்திருக்கச் சொன்னார்கள். அதை மட்டும் கத்தரியால் அட்டையோடு வெட்டித் தனி டப்பாவில் போட்டிருக்கிறோம். இன்னொன்று: மாத்திரை கிண்ணத்தில் விழுந்தது என்றுதான் பெட்டிக்குத் தெரியும், வாய்க்குள் போனதா என்று தெரியாது. ஆகவே காலி கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதை அம்மா தாமாகவே வழக்கமாக்கிக்கொண்டார். கிண்ணம் கவிழ்ந்திருந்தால் மருந்து உள்ளே போயிற்று என்று பொருள்.

இதில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. பெட்டி ஒவ்வொரு வேளையும் பிள்ளைகளின் போனுக்குச் செய்தி அனுப்பும் வசதி கொண்டது. அண்ணன் அதை முழுவதும் திறந்துவைத்திருந்தார். மணி அடித்த அடுத்த நிமிடம் சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வரும். “மாத்திரை போட்டாயா அம்மா?” அவர் எழுந்து, நடந்து, பெட்டியைக் கவிழ்ப்பதற்குள் போன் அடிக்கும், போனை எடுக்கத் திரும்பினால் தடுமாற்றம். அம்மா சொன்னபடி இப்போது மாற்றி அமைத்திருக்கிறோம். முதல் இருபது நிமிடம் மணி அவருக்கு மட்டும். அதற்கும் எடுக்காவிட்டால்தான் எனக்குச் செய்தி. ஒழுங்காக எடுத்த வேளைகளைப் பற்றி யாருக்கும் தகவல் போகாது. இருபது நிமிடம் என்பதைக்கூட அவரது மருத்துவரிடம் கேட்டுத்தான் வைத்தோம்.

குரலால் இயக்கும் கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வீட்டு ரோபோ என்றாலே பேசினால் போதும், அது செய்துவிடும் என்று விற்கிறார்கள். பார்க்கின்சன் உள்ளவர்களுக்குக் குரல் தாழ்ந்துகொண்டே போகும், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தம் குரல் மெலிந்துவிட்டதை அவர்கள் பலர் உணர்வதே இல்லை. என் குரலுக்குத் தமிழிலேயே பதில் சொல்கிற கருவி, அம்மா பேசினால் புரியவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கும். எழுபத்தொன்பது வயதில் ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்து ஒரே சொல்லைப் பலமுறை சொல்ல வைப்பது அவமானம். கைக்கு அடங்கும் பெரிய பித்தான்கள் இருக்கும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். பித்தானுக்கு மேலே தடித்த எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் “நிறுத்து” என்ற பித்தான்தான் எல்லாவற்றிலும் பெரிது. பேச்சுப் பயிற்சி தரும் நிபுணர் அந்தக் குரல் கருவிக்கு வேறொரு வேலை கண்டுபிடித்துத் தந்தார். மருந்து நன்றாக வேலை செய்யும் காலை வேளையில், அது புரிந்துகொள்ளும் அளவுக்குக் குரலை உயர்த்திப் பேசிப் பழகுவது. பயிற்சியாக அது நல்லதுதான். அவசர உதவிக்கு அதை நம்ப முடியாது.

பெருக்கித் துடைக்கும் ரோபோ இப்போது நம் ஊர்களிலும் பரவலாகிவிட்டது. குனிந்து பெருக்குவதில்தான் அம்மாவுக்குத் தலை சுற்றல் வரும் என்பதால் வாங்கினோம். பழைய வீட்டில் அதற்கு முதல் தடை நிலைப்படி. இவ்வகை ரோபோக்கள் பெரும்பாலும் 2 சென்டிமீட்டர் உயரம் வரைதான் ஏறி இறங்கும். எங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டி அது ரேழிக்குப் போக முடியாது. மரச் சாய்தளம் போடலாம் என்று தச்சர் சொன்னார். காலைத் தேய்த்து நடக்கிறவருக்கு அது இன்னொரு தடுக்கல் என்பதால் வேண்டாம் என்றோம். கூடமும் படுக்கையறையும் மட்டும் அதன் எல்லை. பூஜை மாடத்தின் பக்கம் அது போகவே கூடாது என்று வரைபடத்தில் தடுப்புக் கோடு போட்டிருக்கிறோம். தரையில் வைத்த குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அது முட்டினால் என்ன ஆகும் என்பதை எந்த விளக்கக் கையேடும் சொல்லாது. நம் வீடுகளுக்கு அந்தக் கையேடு எழுதப்படவில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து அது காலில் இடறுவது. பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு நடக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டதைப் போல உறைந்துவிடும். வாசற்படியிலும் குறுகலான இடத்திலும் திரும்பும்போதும் இது அதிகம் வரும். சட்டென்று குறுக்கே வரும் பொருளை அவர்களால் சுற்றிக்கொண்டு போக முடியாது. கறுப்பு நிறத்தில் தட்டையாக ஓடும் ரோபோ மங்கலான வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அதன் மேல் மஞ்சள் நாடாவை ஒட்டினோம். காலை பத்து மணிக்கு, உதவிக்கு வரும் அக்கா வீட்டில் இருக்கும்போது, அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்த பிறகு, அம்மாவே பித்தானை அழுத்தித்தான் அது கிளம்பும். தானாகக் கிளம்பும் நேர அட்டவணையை அணைத்துவிட்டோம். சிவப்புக் காவித் தரையில் ஈரத் துடைப்பான் ஓடியதும் வழுக்கும், ஆகவே காய்ந்த பிறகுதான் அவர் எழுவார். ரோபோவுக்கு ஆன செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாத வேலை ஒன்றையும் இதோடு சொல்ல வேண்டும். கால் உறையும் இடங்களில் தரையில் குறுக்கே வெள்ளை நாடாவைக் கோடு கோடாக ஒட்டுவது. கோட்டைத் தாண்டு என்று கண் சொன்னதும் கால் எழுந்துவிடுகிறது. இயன்முறை மருத்துவர் சொல்லித் தந்தது இது.

அண்ணன் அனுப்பிய திரை ரோபோவுக்கு வருகிறேன். இடுப்பு உயரம், கீழே சக்கரம், மேலே திரையும் கேமராவும். சிங்கப்பூரிலிருந்து அவர் போனில் விரலை நகர்த்தினால் அது கூடத்திலிருந்து சமையலறைக்கு உருண்டு போகும். அவருடைய முகம் திரையில் வரும். யாரும் எடுக்காமலேயே அழைப்பு தானாகத் திறந்துகொள்ளும் அமைப்பில் அவர் அதை வைத்திருந்தார். விழுந்து கிடந்தால் யார் எடுப்பது என்பது அவரது வாதம், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அது திரும்பிப் பார்த்தது. எதிர் வீட்டு மாமி வந்து குடும்பக் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அது உருண்டு வந்தது. மாமி அதன் பிறகு வாசலோடு பேசிவிட்டுப் போகத் தொடங்கினார். அம்மா ஒரு துண்டை எடுத்துத் திரையின் மேல் போர்த்திவிட்டு அண்ணனிடம் தெளிவாகச் சொன்னார்: “நீ எப்போது வேண்டுமானாலும் வா. ஆனால் வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு வா.”

அண்ணன் வருத்தப்பட்டார். அவர் செய்தது அன்பினால்தான். ஆனாலும் அம்மாவின் பக்கம்தான் நான் நின்றேன். தானாகத் திறக்கும் அமைப்பை நீக்கினோம். இப்போது அழைப்பு வந்தால் அம்மா பச்சைப் பித்தானை அழுத்த வேண்டும். விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடலாம். கேமராவுக்கு நகர்த்தி மூடும் ஒரு சின்ன மூடியும் வைத்தோம். அவசரத்துக்கு வேறு வழி செய்தோம்: கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அழுத்துபித்தான். அதை அவர் அழுத்தினால் மட்டும் எனக்கும் எதிர் வீட்டுக்கும் போன் போகும். இப்படி மாற்றிய பிறகு அந்தத் திரை ரோபோவை அம்மா விரும்பவே ஆரம்பித்துவிட்டார். பேத்தி பேசும்போது அவரே அதைச் சமையலறைக்கு அழைத்துப் போகிறார்; ரசம் கொதிக்கும்போது பதம் காட்டிச் சொல்லித் தருகிறார். போனைக் கையில் பிடித்தால் நடுக்கத்தில் படம் ஆடும், இதில் ஆடுவதில்லை. கருவி அதேதான், பித்தான் யார் கையில் என்பது மட்டும்தான் மாறியது.

ஸ்பூனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் கைப்பிடிக்குள் இருக்கும் உணர்கருவி நடுக்கம் எந்தப் பக்கம் என்று அறிந்து முனையை எதிர்ப்பக்கம் நகர்த்தும். கை ஆடினாலும் கஞ்சி சிந்தாது. இத்தகைய ஸ்பூனை உருவாக்கிய ஒரு சிறு நிறுவனத்தை 2014-இல் கூகுள் வாங்கியது. அம்மா சாதத்தைக் கையால்தான் பிசைந்து சாப்பிடுகிறார், அதில் சிரமமில்லை. ரசம், பாயசம், கஞ்சிக்கு மட்டும் ஸ்பூன். சார்ஜ் போட மறந்தால் வெறும் கனமான ஸ்பூன்தான்.

தூக்கி உட்கார வைக்கும், பொருளை எடுத்துத் தரும் ரோபோக்கள் வந்துவிட்டனவே என்று பலர் கேட்கிறார்கள். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015-இல் கரடி முகத்தோடு ரோபேர் என்ற ஒன்றைக் காட்டியது. நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி மாற்றும். எடை 140 கிலோ. ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வீடுகளுக்கு அது வரவில்லை. மனித உடலைத் தூக்குவது இன்றும் ரோபோவுக்கு மிகக் கடினமான வேலை. எனக்கு நம்பிக்கை தந்தது வேறொருவரின் கதை. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹென்றி எவன்ஸ், 2002-இல் தமது 40-ஆவது வயதில் வந்த பக்கவாதத்தால் பேச்சையும் கைகால் அசைவையும் இழந்தவர். தலை அசைவால் கணினியை இயக்கி, 2010 முதல் ஆய்வாளர்களோடு சேர்ந்து, பிஆர்2 என்ற பெரிய ரோபோவைக் கொண்டு தம் முகத்தைத் தாமே சவரம் செய்துகொண்டார், அரிப்பெடுத்த இடத்தைத் தாமே சொறிந்துகொண்டார். பிஆர்2-இன் விலை அப்போது 4 லட்சம் டாலர். பின்னர் வந்த ஸ்ட்ரெச் என்ற ஒற்றைக் கை ரோபோ 25 கிலோவுக்குள் அடங்குவது, வெளிவந்தபோது அதன் விலையும் 20 ஆயிரம் டாலர் அளவுதான். அதையும் அவர் வீட்டில் பயன்படுத்திப் பார்த்தார். அவருக்காக யாரோ அதை இயக்கவில்லை, அவரே இயக்கினார். நான் கேட்பதும் இதுதான்.

இதற்கு நேர்மாறான பாதையும் இருக்கிறது. 2025 அக்டோபரில் நியோ என்ற மனித உருவ வீட்டு ரோபோவுக்கு 20 ஆயிரம் டாலர் விலையில் முன்பதிவு தொடங்கியது. அதற்குத் தெரியாத வேலைகளை நிறுவனத்தின் ஊழியர் தொலைவிலிருந்து, ரோபோவின் கண் வழியே வீட்டைப் பார்த்துச் செய்து தருவார் என்பது ஏற்பாடு. துணி மடித்துத் தருவது நல்ல உதவிதான். ஆனால் அம்மாவின் படுக்கையறைக்குள் பார்க்கும் அந்தக் கண் யாருடையது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவர் சம்மதம் வேண்டும். பிள்ளைகள் கையெழுத்திட்டால் போதாது.

இனி வீட்டு நடைமுறை. நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாட்கள் உண்டு. இன்வெர்ட்டரில் விளக்கையும் மின்விசிறியையும் இணைக்கும்போதே வைஃபை பெட்டியையும் மருந்துப் பெட்டியின் சார்ஜரையும் இணைத்துவிடுங்கள். இணையம் அறுந்தால் எது நின்றுபோகும், எது நிற்காது என்று வைஃபையை அணைத்து ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். எங்கள் மருந்துப் பெட்டி இணையம் இல்லாமலும் மணி அடிக்கும், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். நிறுவனத்தின் சர்வரை நம்பி ஓடும் ரோபோ, நிறுவனம் மூடினால் கூடவே ஊமையாகிவிடும். ஜிபோ என்ற பேசும் வீட்டு ரோபோ 2017-இல் பெரும் பாராட்டோடு வெளிவந்தது. 2019-இல் சர்வர்கள் நிறுத்தப்படப் போகின்றன என்று அதுவே தன் வீட்டாரிடம் சொல்லி விடைபெற்றது. முதியவர் ஒருவர் பழகிவிட்ட துணை அப்படிப் போவதை நினைத்துப் பாருங்கள்.

உதவிக்கு வரும் அக்காவுக்கு ரோபோவைப் பார்த்ததும் தன் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. சம்பளம் குறையாது, வேலைதான் மாறும் என்று முதல் நாளே சொன்னோம். பெருக்கும் நேரத்தில் இப்போது அம்மாவுக்கு நடைப்பயிற்சி கொடுக்கிறார். ரோபோவின் தூசிப் பெட்டியைக் கொட்டுவது, தூரிகையில் சிக்கிய முடியைக் கத்தரிப்பது, துடைக்கும் துணியை அலசுவது, மாத்திரை நிரப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. எந்தக் கருவி தகராறு செய்தாலும் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். கருவி வாங்கும் நாளில் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவருக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் பிள்ளைகளிடம் மட்டும் ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போனால் அந்தக் கருவி அலமாரிக்குத்தான் போகும்.

கருவிகளுக்கு முன்பாகவே செய்ய வேண்டியவையும் உண்டு. குளியலறையில் எந்த ரோபோவும் உதவிக்கு வராது. அங்கே சுவரில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத விரிப்பு, உயரமான கழிப்பறை இருக்கை வேண்டும். கதவில் உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கக்கூடிய பூட்டு போடுங்கள். எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர் உள்ளே தாழிட்டபடி விழுந்துவிட்டார். கதவை உடைத்துத்தான் அவரை எடுக்க முடிந்தது. எங்கள் மறுசாவி எதிர் வீட்டு மாமியிடம் இருக்கிறது. மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் தமிழில் பெரிதாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறோம். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அந்தத் தாளையும் மருந்துப் பெட்டியையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். வார்டின் பொதுவான மருந்து நேரம் பார்க்கின்சன் நோயாளிக்குப் பொருந்தாது, அதை நாம்தான் செவிலியரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். தாளின் கீழே 108-உம், முதியோர் உதவி எண் 14567-உம் இருக்கின்றன.

எங்களுக்கு இன்னும் தீராதது இரவுதான். படுக்கையில் புரண்டு படுக்க அம்மாவுக்கு உதவி வேண்டியிருக்கிறது. அதற்கு நம்பக்கூடிய கருவி நம் ஊர்க் கடைகளில் எதுவும் கிடைக்கவில்லை. வழுக்கும் பட்டுத் துணியை இடுப்புப் பகுதியில் விரித்துப் பார்த்தோம், ஓரளவு உதவுகிறது. கட்டிலின் பக்கவாட்டில் பிடிமானக் கம்பி பொருத்தியிருக்கிறோம். அடுத்த மாதம் முதல் இரவுத் துணைக்கு ஒரு பெண் வரப்போகிறார். அவர் எந்த அறையில் படுத்துக்கொள்வது என்பதை அம்மா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.